முப்பத்தெட்டு மீட்டர்

அந்த வயரைத் தொட்டீர்களா? இல்லையே? சரி. உட்காருங்கள்.

வயர் என்னுடையதுதான். அதில் எங்கள் ஆபீஸ் சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் விசாரித்து வந்திருக்கிறீர்கள். ஆனால் அதில் உங்களுக்குக் கனெக்ஷன் கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நான் கொடுப்பதில்லை.

கொடுப்பதில்லை என்றால் வயர் எப்படி உங்கள் ஜன்னலில் தொங்குகிறது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டாயிற்று. நீங்கள் பேங்க்கா சார்? பேங்க்காரர் என்றால் முழுதாகக் கேட்காமல் போக மாட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிவந்திருக்கும் மாடியில் போன மாதம்வரை இருந்தது என் மகள் சுகந்தி. கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா என் சம்பந்தியம்மா. என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். பெற்ற மகளுக்கு ஒரு வயர் போடாத மனுஷன் என்று. அதைத்தானே சொன்னார்? தலையை ஆட்ட வேண்டாம். எனக்குத் தெரியும்.

இதில் என் தப்பு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூற்று நாலில் நான் கேபிள் டிவி ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் ஒரு டிஷ், இருநூறு வீடு. அதே வருஷம் இன்னாசி என்று ஒருவன் ரோட்டுக்குத் தெற்கே ஆரம்பித்தான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். நான் அவன் வயரை அறுப்பேன். அவன் அறுக்க மாட்டான், குண்டூசி குத்துவான். வயருக்குள் குத்தி, தலையை ஒடித்துவிடுவான். வெளியே ஒன்றும் தெரியாது, படம் மட்டும் போய்விடும். எங்கே குத்தினான் என்று தெரு முழுக்க வயரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் நாலு தெருவுக்குப் போய்விட்டது. பொம்பளைகள் எல்லாம் என் வீட்டு வாசலில். அந்த ஆத்திரத்தில் அவன் லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது என் ஆள் ஏணியை எடுத்துவிட்டான். குதித்தவனுக்குக் கை ஒடிந்தது.

ஸ்டேஷனில் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போய்விட்டார். அவர் வருவதற்குள் நாங்களே பேசி முடித்துவிட்டோம். ரோட்டுக்கு வடக்கே நான், தெற்கே அவன். ஒருவன் வயர் ரோட்டைத் தாண்டக் கூடாது. எழுதவில்லை. கையெழுத்து இல்லை. அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, "என்னப்பா முடிவு பண்ணீங்க" என்றார். சொன்னோம். "இதுக்கா என் பெஞ்சைத் தேய்ச்சீங்க" என்று அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து இருபத்தெட்டு வருஷம் தாண்டவில்லை சார். ஒரு அடி தாண்டவில்லை. என் வாடிக்கை ஒருவர் தெற்கே வீடு மாறிப் போனால் நானே இன்னாசிக்குப் போன் செய்து, ஆள் பெயர், தெரு, எந்தச் சேனல் கேட்பார் என்பதுவரை சொல்லி ஒப்படைப்பேன். அவனும் அப்படித்தான். ஒரு தட்டார் பாவம், வாடகைத் தொல்லையில் ரோட்டை மூன்று முறை தாண்டினார். மூன்று முறையும் கைமாற்றிக் கொடுத்தோம். நாங்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் இதில் மட்டும் பிசகு வந்ததில்லை.

பிறகு இன்டர்நெட் வந்தது. கேபிள்காரன் எல்லாம் ஃபைபர்காரன் ஆனான். கம்பம் அதே கம்பம், ரோடு அதே ரோடு.

சுகந்தி அப்போது காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். பரீட்சைக்குச் சத்தமாகப் படிப்பாள். பரப்பளவைப் பொறுத்து வலையமைப்பு ஐந்து வகை என்று. இதே மேஜைதான். நான் இங்கே ஃபைபர் ஒட்டு வேலை பார்த்துக்கொண்டே கேட்பேன். முதலில் ஆளைச் சுற்றி இருப்பது. உங்கள் காதில் மாட்டியிருக்கிறீர்களே, அதுவும் பாக்கெட்டில் இருக்கும் போனும் பேசிக்கொள்வது. முப்பது அடி போனால் அறுந்துவிடும். அடுத்தது வீட்டுக்குள், ஆபீசுக்குள். லேன் என்பார்கள். அதற்கடுத்து ஒரு காம்பவுண்டுக்குள் பல கட்டடம். பாலிடெக்னிக்கில் லேப், லைப்ரரி, ஹாஸ்டல் மூன்றையும் இணைத்தேனே, அந்த மாதிரி. நாலாவது ஊர் முழுக்க, அது மேன். ஐந்தாவது ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு. இங்கேயிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை, அப்புறம் கடலுக்கடியில்.

"ஊர் முழுக்க ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது எந்த ஊர்ல?" என்று கேட்டேன்.

"இப்படித்தாம்பா எழுதணும்."

"இந்த ஊர்ல ரெண்டு அரை ஊர் இருக்கு. ரோட்டோட முடியுது. ஏரியான்னு ஒரு வகை இருக்கு, அதை ஆறாவதாப் போடு."

"போட்டா மார்க் போட மாட்டாங்கப்பா" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. புத்தகம் எழுதுகிறவன் ஒருநாள் கம்பத்தில் ஏறிப் பார்த்திருந்தால் அதை எழுதியிருப்பான்.

அவளுக்குத் தெற்கே மாப்பிள்ளை அமைந்தது. தினகரன். டிராக்டர் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. நல்ல மனுஷன், பேச்சுத்தான் கொஞ்சம் நீளம். வீடு ரோட்டிலிருந்து இரண்டாவது. என் கடைசிக் கம்பத்திலிருந்து அந்த மாடி ஜன்னலுக்கு முப்பத்தெட்டு மீட்டர். ஆமாம், அளந்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது டேப் வைத்தா அளந்தேன்? கண்ணால்தான். இந்தத் தொழிலில் கண் அளந்துவிடும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் இன்னாசிக்குப் போன் செய்தேன். உன் ஏரியாவுக்கு ஒரு வீடு வருகிறது, நல்ல ஸ்பீடு வேண்டும், என் மகள்தான் என்றேன். 

"ஒரு வீடுதான சங்கையா. நீயே போட்டுக்க."

மாட்டேன் என்றேன். ஒன்று போட்டால் இரண்டாகும். இரண்டு நாலாகும். இன்றைக்கு என் மகள், நாளைக்கு அவன் மருமகன். ரோடு எதற்கு இருக்கிறது? அவனே ஆள் அனுப்பிப் போட்டான்.

செண்பகம், என் சம்சாரம், அன்றைக்கு ஆரம்பித்தாள். "பொண்ணைத்தான் கட்டிக் கொடுத்தோம். லைனையும் சேர்த்தா இன்னாசிகிட்ட கட்டிக் கொடுக்கணும்?" பொம்பளைக்குத் தொழில் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. சுகந்திக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் ஒருவன் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தால் ஆஸ்பத்திரிக்காரன் எழுதுவதை இவள் இங்கே படித்து, அதற்கு ஒரு நம்பர் போட வேண்டும். எந்தக் கால், எந்த எலும்பு, படியில் விழுந்தானா பாத்ரூமில் விழுந்தானா, எல்லாவற்றுக்கும் நம்பர் இருக்கிறதாம். முப்பதாயிரம் நம்பர் அவள் தலைக்குள். எங்கள் வம்சத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள். பிள்ளை பிறந்து ஆறாம் மாதம் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பாலும் கொடுக்கிறா, பட்டனும் அமுக்குறா" என்பார். வேலை போனால் இந்தம்மாவுக்குச் சந்தோஷம், நான் அடுப்படியோடு சரி என்று சுகந்தி என்னிடமே சொன்னாள். அதனால் அந்த வேலை அவளுக்குச் சும்மா வேலை இல்லை. புரிகிறதா? சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

வைகாசியில் லைன் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. வேலைக்கு நடுவில் அறுந்தால் கம்பெனி கணக்கில் விழுந்துவிடும். மூன்று முறை எச்சரிக்கை. நாலாவது முறை வீட்டு வேலை கிடையாது. சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார், இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. கைப்பிள்ளையோடு சென்னைக்கு எங்கே போவாள்?

இன்னாசிக்குப் போன் செய்தேன். "நம்ம பக்கம் சரியா இருக்கு சங்கையா. பாக்கச் சொல்றேன்" என்றான். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மறுபடி போகும். மறுபடி போன். மறுபடி "நம்ம பக்கம் சரியா இருக்கு." பதினொரு தடவை பேசியிருப்பேன். ஒரு தடவை கூட எரிந்து விழவில்லை, அது வேறு எனக்கு ஆச்சரியம். முன்பெல்லாம் மூன்றாவது போனுக்கே கத்துவான்.

முதல் எச்சரிக்கை வந்ததும் சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். இந்த மேஜையில்தான். லைன் கல் மாதிரி நின்றது. நிற்காமல் என்ன? என் லைன். பிள்ளை இந்த வயர்ச் சுருளுக்குள் உட்கார்ந்து விளையாடும். பதினாறு நாள். பதினேழாம் நாள் சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்று, "தினம் அம்மா வீட்டுக்கு ஓடுறவளுக்குப் புருஷன் வீடு எதுக்கு? தெருவே கேக்குது" என்றார். தெரு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் என் வாடிக்கை, எனக்குத் தெரியாதா? ஆனால் சுகந்தி மறுநாள் வரவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை வந்த அன்று நான் நேரில் போனேன். உங்கள் வாசலுக்கு எதிரே ஒரு கம்பம் இருக்கிறதே, அதில் ஒரு கறுப்புப் பெட்டி. கீழே நின்றே பார்த்துவிட்டேன். மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே ஃபைபர் மடங்கிக் கிடக்கிறது. அது கண்ணாடி நூல் சார், மடங்கினால் வெளிச்சம் போகாது. அணில் வேறு கூடு கட்ட நார் கொண்டுவந்து திணித்திருக்கிறது. பத்து நிமிஷ வேலை. என் வண்டியில் ஏணி இருக்கிறது, ஒட்டும் மெஷின் இருக்கிறது.

சுகந்தி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"அப்பா, ஏறிப் பாருங்கப்பா."

"அது இன்னாசி பெட்டிம்மா."

"யாரு பெட்டியா இருந்தா என்னப்பா. கண்ணுக்கு நேரா தெரியுது."

"அடுத்தவன் பெட்டில கை வைக்கக் கூடாது. நான் சொல்றேன் அவன்கிட்ட."

கம்பத்தடியில் நின்றே போன் செய்தேன். மூடி, மடிப்பு, அணில் எல்லாம் சொன்னேன். நாளைக்கு ஆள் வரும் என்றான். நிமிர்ந்தால் ஜன்னல் சாத்தியிருந்தது. வெயில். பிள்ளைக்கு வெயில் படும் என்று சாத்தியிருப்பாள்.

மாப்பிள்ளை ஒரு யோசனை கொண்டுவந்தார். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி சின்னத் தட்டு வைத்து, காற்றிலேயே அனுப்பிவிடலாம், கம்பி வேண்டாம்.

"வயர் ரோட்டைத் தாண்டக் கூடாதுன்னுதான மாமா பேச்சு? இதுல வயரே இல்லையே."

"காத்துல போனாலும் என் லைன் தெக்கே போகுதுல்ல மாப்பிள்ளை."

"அப்ப உங்க வீட்டு வைஃபை எங்க வாசல்ல ரெண்டு புள்ளி காட்டுதே, அது தாண்டலையா?"

"அது தானாத் தாண்டுது. நான் தாண்ட வைக்கல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "மாமா, அவளுக்கு இன்னும் ஒரு தடவைதான் இருக்கு" என்றார். மூன்றாவதும் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்கிறீர்களா? இன்னாசியிடம் இன்னும் கடுமையாகப் பேசியிருப்பேன்.

நாலாவது ஐப்பசி மழையில் வந்தது. வராமல் இருக்குமா, மூடி திறந்த பெட்டி. பத்து நாளில் மாப்பிள்ளை சென்னைக்கு மாற்றல் வாங்கினார். அவருக்கு அங்கே இதைவிடச் சின்ன வேலை. சாமானை ஏற்றினார்கள். சுகந்தி பிள்ளையை என் கையில் கொடுத்தாள், கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டாள். "வர்றேம்ப்பா" என்றாள். நாளைக்கே இன்னாசியை நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?  செண்பகம்தான், "போதும், வாயை மூடுங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

சொன்னபடி மறுநாள் போனேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் வீட்டுக்கு முதல் தடவை. நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கவாதம், ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் ஆபீஸ் இருந்த முன்னறையில் யாரோ பாய் விரித்துத் தூங்குகிறார்கள். கம்ப்யூட்டர் இல்லை, வயர் இல்லை, ஏணி இல்லை.

"எங்கடா உன் ஆளுங்க?"

"சித்திரையிலயே கொடுத்துட்டேன் சங்கையா. பெரிய கம்பெனி ஒண்ணு வந்துச்சு. சத்தமில்லாம ஏரியாவை அப்படியே எழுதி வாங்கிக்கிட்டான். அவன் இனிமேத்தான் புதுசா லைன் இழுப்பான். என் பழைய பெட்டியை எல்லாம் எவன் பாக்கப் போறான்."

சித்திரை. சுகந்தி லைன் கெட்டது வைகாசி. நான் பதினொரு தடவை போன் செய்தது யாருக்கு?

"நம்ம பக்கம் சரியா இருக்குன்னியேடா."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் எடுப்பேன்" என்றான். பேச்சும் கொஞ்சம் இழுக்கிறது. "அக்கம்பக்கத்துல ஒருத்தனும் என்னைய மதிச்சு ஒரு வார்த்தை பேசறதில்ல. நீதான், உன் பக்கத்தைப் பாருடா, உன் ஆளை அனுப்புடான்னு பேசுன. எனக்கு இன்னும் ஏரியா இருக்கற மாதிரி. கேக்க நல்லா இருந்துச்சு. சின்னப் பயலுக ரெண்டு பேருக்குக் காசு கொடுத்துப் பாக்கச் சொன்னேன். அவனுக ஒழுங்காப் பாக்கல போல."

எனக்கு அடிக்க வேண்டும்போல இருந்தது. கை விழுந்தவனை எப்படி அடிப்பது?

"உன் மகளுக்கு நீயே போட்டுக்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றான்.

பாருங்கள், கடைசியில் தப்பு என்மேல். வார்த்தையைக் காப்பாற்றினவன்மேல். விற்றவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. ஏணியை எடுத்தேன். என் ஆட்கள் எடுக்கிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். எனக்கு அறுபத்தேழு. கம்பத்தில் ஏறிப் பத்து வருஷம் ஆகிறது. செண்பகம் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.  பட்டப்பகல், ரோட்டில் பஸ், டீக்கடையில் கூட்டம், எல்லோரும் பார்க்கிறார்கள். என் கடைசிக் கம்பத்திலிருந்து இழுத்தேன். ரோட்டைத் தாண்டினேன். சம்பந்தியம்மா கீழே நின்று, "ஆளே இல்லாத வீட்டுக்கு என்னத்துக்கு" என்றார். காதில் விழாத மாதிரி மாடி ஏறினேன். ஜன்னலோரம் சுகந்தி மேஜை போட்டிருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இருந்தது. அதற்கு நேரே வயரைக் கொண்டுவந்து, ஒட்டி, மெஷினில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் சுத்தமாக வந்தது. ஒரு குறையும் இல்லாத லைன். சும்மா சொல்லவில்லை, இந்த ஊரிலேயே அந்த மாதிரி லைன் கிடையாது.

சாயங்காலம் சுகந்தியை வீடியோவில் கூப்பிட்டேன். எத்தனை நூறு கிலோமீட்டர், பிள்ளைக்கு முளைத்த இரண்டு பல்லும் தெரிகிறது.

"லைன் போட்டுட்டேம்மா. மாடிக்கு. நானே போட்டேன்."

அவள் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப்பா?"

"பொங்கலுக்கு வருவேல்ல."

"பொங்கலுக்கு லீவுப்பா. லேப்டாப் எடுத்துட்டு வர மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பிறகு பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள். வரும்தான். பிள்ளை அந்த நேரத்துக்குத் தூங்கும்.

அதுதான் அந்த வயர். போதுமா?

சும்மா கிடக்கிற லைன்தானே, எனக்குக் கொடுத்தால் என்ன என்று உங்கள் முகத்திலேயே இருக்கிறது. பணம் கொடுப்பீர்கள், தெரியும். பணம் வாங்கினால் அது கனெக்ஷன் ஆகிவிடும். தொழிலுக்காகத் தாண்டினவன் ஆகிவிடுவேன். இன்னாசி விற்றது அவன் வார்த்தையை. என்னுடையது என்னிடம் இருக்கிறது. சிரிக்காதீர்கள் சார். நீங்கள் சிரிக்கவில்லை, சரி.

அந்தப் பெரிய கம்பெனி ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாதத்தில் தெற்கு முழுக்க லைன் இழுத்துவிட்டான். வடக்குக்கும் வருவான். நன்றாகத்தான் வருகிறதாம்.

கிளம்புங்கள், நேரமாகிறது. ஒன்று மட்டும். மழை அடித்தால் அந்த ஜன்னலைச் சாத்துவீர்கள். சாத்தும்போது கீழ்ப்பக்கம் அரை விரல் விட்டுச் சாத்துங்கள். நசுங்கினால் வெளிச்சம் போகாது.